தவளைக் காலில் தொடங்கிய தகராறு

ஆர்க்யூ, குவாரல், டிபேட், டிஸ்ப்யூட், டினை, ரெஃப்யூட் என்று ஆங்கிலத்தில் ஒரு கூட்டம் சொற்கள் இருக்கின்றன. சின்ன அகராதியைப் புரட்டினால் பாதிச் சொற்களுக்கு நேரே 'வாதிடு' என்றும் மீதிக்கு 'மறு' என்றும் போட்டிருப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தச் சொற்கள் குறிக்கும் செயல்கள் வேறு வேறு. ஒன்றைச் செய்தால் நட்பு முறியும். இன்னொன்றைச் செய்தால் உலகம் அதுவரை பார்க்காத ஒரு கருவி பிறக்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்க அறிவியலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. விஞ்ஞானிகள் ஓயாமல் வாதாடுகிறவர்கள். அது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் எப்படியெல்லாம் வாதாடினார்கள் என்று பார்த்தாலே சொற்களின் வித்தியாசம் விளங்கிவிடும்.

குவாரல் என்பது சண்டை. அதில் கோபம் இருக்கும், பொறாமை இருக்கும். எதைப் பற்றிய சண்டை என்பதே சில நாளில் மறந்துபோய், யாரோடு சண்டை என்பது மட்டும் மிஞ்சும். அமெரிக்காவில் எட்வர்ட் கோப், ஓத்னியல் மார்ஷ் என்று இரண்டு டைனோசர் ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். தொடக்கத்தில் இருவரும் நண்பர்கள். தான் கண்டுபிடித்த ஓர் உயிரினத்துக்கு ஒருவர் மற்றவர் பெயரையே வைத்திருக்கிறார்! பிறகு கோப் ஒரு பழங்காலக் கடல் ஊர்வனத்தின் எலும்புகளை அடுக்கும்போது தலையைக் கொண்டுபோய் வால் நுனியில் வைத்துவிட்டார். எலாஸ்மோசாரஸ் என்பது அந்த விலங்கின் பெயர். கழுத்து மிக மிக நீளம், வால் குட்டை. ஆகவே எது கழுத்து, எது வால் என்று குழம்புவது எளிது. தவறு வெளியே தெரிந்ததும் கோப் வெட்கப்பட்டு, அந்தக் கட்டுரை வந்த இதழின் பிரதிகளைத் திரும்ப வாங்கிவிட முயன்றார். மார்ஷ் அதை மறக்கவும் இல்லை, பிறரை மறக்க விடவும் இல்லை.

அதன் பிறகு சுமார் இருபது ஆண்டுகள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி இறைத்தார்கள். ஒருவர் தோண்டும் இடத்துக்கு இன்னொருவர் ஒற்றர்களை அனுப்பினார். யார் முதலில் பெயர் வைப்பது என்ற அவசரத்தில் அரைகுறை எலும்புகளைப் பார்த்தே புதிய விலங்கு என்று அறிவித்தார்கள். 1890-ல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஒருவரையொருவர் திருடன், திறமையற்றவன் என்று குற்றம்சாட்டிக்கொண்டது ஊரெல்லாம் நாறியது. ஸ்டெகோசாரஸ், ட்ரைசெராடாப்ஸ், அல்லோசாரஸ் என்று நீங்கள் பொம்மைக் கடையில் பார்க்கும் பல டைனோசர்களுக்குப் பெயர் வைத்தவர் மார்ஷ்தான். அவர்கள் உழைப்பு பெரியது. ஆனால் அவசரத்தில் வைத்த பெயர்களின் குழப்பத்தைத் தீர்க்கப் பின்னால் வந்தவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட வேண்டியிருந்தது. பிரான்டோசாரஸ் என்பது தனி விலங்கா, முன்பே பெயரிட்ட அபாடோசாரஸ்தானா என்ற கேள்வி 2015 வரை நீண்டது. இரண்டு பெயர்களையும் வைத்தவர் அதே மார்ஷ்தான், இரண்டே ஆண்டு இடைவெளியில்.

டிபேட் அப்படியில்லை. அதற்கு ஒரு தலைப்பு வேண்டும், மேடை வேண்டும், நேரக் கணக்கு வேண்டும், கேட்பதற்கு ஆட்கள் வேண்டும். நம் பட்டிமன்றம் அந்த இனத்தைச் சேர்ந்தது. கோபம் இல்லாமலே டிபேட் நடத்தலாம்.

வானியலில் புகழ்பெற்ற ஒரு டிபேட் 1920 ஏப்ரல் 26 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்தது. பேரண்டம் எவ்வளவு பெரியது என்பதுதான் தலைப்பு. ஒரு பக்கம் ஹார்லோ ஷாப்லி, மறுபக்கம் ஹீபர் கர்ட்டிஸ். வானத்தில் தொலைநோக்கி வழியே சுருள் சுருளாகத் தெரியும் மங்கலான ஒளித்திட்டுகள் சில உண்டு. அவை நம் பால்வெளியைச் சேர்ந்த வாயு மேகங்கள் என்றார் ஷாப்லி. இல்லை, ஒவ்வொன்றும் பால்வெளியைப் போலவே தனி விண்மீன் மண்டலம், மிக மிகத் தொலைவில் இருக்கிறது என்றார் கர்ட்டிஸ். பால்வெளியின் அகலம் மூன்று லட்சம் ஒளியாண்டு என்றார் ஷாப்லி. அதில் பத்தில் ஒரு பங்குதான் என்றார் கர்ட்டிஸ். சூரியன் பால்வெளியின் நடுவில் இல்லை, ஓரமாகத் தள்ளி இருக்கிறது என்றார் ஷாப்லி. நடுவுக்கு அருகில்தான் என்று கர்ட்டிஸ் நினைத்தார்.

அன்று அங்கே நடுவர் யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதை வைத்து ஒளித்திட்டின் தூரம் கூடப் போவதில்லை, குறையப் போவதும் இல்லை. தீர்ப்பு 1923 அக்டோபரில் வந்தது. எட்வின் ஹப்பிள் என்பவர் ஆண்ட்ரோமெடா என்ற சுருள் திட்டைப் படம் பிடித்தபோது அதற்குள் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டார். அந்த வகை விண்மீன் எத்தனை நாளுக்கு ஒருமுறை மினுங்குகிறது என்று தெரிந்தால் அதன் உண்மையான ஒளி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஹென்ரியட்டா லெவிட் என்ற பெண் வானியலாளர் 1912-லேயே அந்த வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். உண்மையான ஒளி தெரியும், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். ஹப்பிள் கணக்குப் போட்டார். ஷாப்லி சொன்ன பால்வெளியையும் தாண்டி, வெகு தொலைவில் இருந்தது ஆண்ட்ரோமெடா.

ஹப்பிள் இதைக் கடிதமாக ஷாப்லிக்கே எழுதி அனுப்பினார். ஷாப்லி அதைப் படித்ததும் தன் பேரண்டத்தையே இந்தக் கடிதம் அழித்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, முடிவை ஏற்றுக்கொண்டார். எனக்கு ஷாப்லியை மிகவும் பிடித்தது இந்த இடத்தில்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூரியன் ஓரமாகத் தள்ளி இருக்கிறது என்று அவர் சொன்னது சரி. மையத்திலிருந்து நாம் சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளித்தான் இருக்கிறோம். பால்வெளியின் அகலமோ சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. இருவர் சொன்னதும் பொருந்தவில்லை.

இனி டிஸ்ப்யூட்டுக்கு வருவோம். உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இந்தக் கதையைத்தான்.

டிஸ்ப்யூட் என்றால் ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகாமல் இருப்பது. ஒரே நாளில் மேடையில் முடிந்துவிடாது, ஆண்டுக்கணக்கில் நீளும். நிலத் தகராறு, எல்லைத் தகராறு என்கிறோமே, அந்தத் தகராறு. இதில் கைகலப்பு இருக்கவேண்டிய அவசியமில்லை. அறிவியலில் நடந்த தகராறுகளில் ஒன்று தவளையின் காலைப் பற்றியது.

இத்தாலியில் போலோன்யா நகரப் பல்கலைக்கழகத்தில் லூயிஜி கால்வானி என்ற உடற்கூறியல் பேராசிரியர் இருந்தார். 1781-ல் ஒரு நாள் அறுத்துவைத்த தவளைக் கால் ஒன்று மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் உராய்வு மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம். உதவியாளர் ஒருவர் கத்தி முனையால் தவளையின் நரம்பைத் தொட்டார். அதே நொடியில் இயந்திரத்தில் பொறி பறந்தது. செத்த தவளையின் கால் வெடுக்கென்று உதைத்தது!

இன்னொருவராக இருந்தால் பயந்து ஓடியிருப்பார், அல்லது சிரித்துவிட்டு விட்டிருப்பார். கால்வானி பத்து ஆண்டுகள் இதையே துருவினார். இயந்திரப் பொறிக்குக் கால் துடிக்கிறதென்றால் இடி மின்னலுக்கும் துடிக்குமா? பித்தளைக் கொக்கியில் தவளைக் கால்களை மாட்டி வீட்டு இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார். மின்னல் வெட்டியபோது கால்கள் துடித்தன. வானம் தெளிவாக இருந்த ஒரு நாளில், கொக்கியை இரும்புக் கம்பியோடு சேர்த்து அழுத்தியபோதும் துடித்தன. மேகமில்லை, மின்னலில்லை, இயந்திரமில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து இரும்புத் தட்டின்மேல் வைத்துப் பார்த்தார். அப்போதும் துடித்தது. வெளியிலிருந்து மின்சாரம் வராதபோது அது தவளைக்குள்ளிருந்துதானே வரவேண்டும்? விலங்குகளின் உடலில் மின்சாரம் இருக்கிறது, நரம்பு வழியே அது ஓடித் தசையை அசைக்கிறது என்று 1791-ல் கால்வானி எழுதி வெளியிட்டார்.

ஐரோப்பா முழுவதும் பரபரப்பு. தவளைகளுக்குத்தான் கெட்ட காலம். எங்கு பார்த்தாலும் ஆய்வாளர்கள் தவளை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிச் செய்து பார்த்தவர்களில் ஒருவர் பவியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா. முதலில் அவர் கால்வானியைப் புகழ்ந்தார், சொன்னதை ஏற்றுக்கொண்டார். செய்யச் செய்ய அவருக்கு ஒன்று உறுத்தியது. கொக்கி பித்தளை, கம்பி இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் இருந்தால் கால் பலமாகத் துடிக்கிறது. ஒரே உலோகம் என்றால் துடிப்பு குறைவு, அல்லது இல்லவே இல்லை. அப்படியானால் மின்சாரம் தவளையில் இருக்கிறதா, உலோகங்களில் இருக்கிறதா?

வோல்டா தன் நாக்கையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். நாக்கு நுனியில் வெள்ளீயத் தகடு, பின்னால் ஒரு வெள்ளிக் காசு. இரண்டையும் இணைத்ததும் நாக்கில் புளிப்பு தட்டியது. அவர் நாக்கில் தவளை இல்லையே! இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தோடு சேரும்போது மின்சாரம் உண்டாகிறது. தவளைக் கால் அதை உணர்ந்து காட்டும் ஒரு கருவி மட்டுமே என்றார் வோல்டா.

இப்போது பந்து கால்வானி பக்கம். அவர் என்ன செய்தார் தெரியுமா? உலோகம்தான் காரணம் என்கிறீர்களா, உலோகத்தையே எடுத்துவிடுகிறேன் என்று தொடங்கினார். 1794-ல் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வந்தது. எழுதியவர் கால்வானி என்றே கருதுகிறார்கள். அதில் சொல்லியிருந்த சோதனையில் உலோகமே கிடையாது. தவளையின் நரம்பின் வெட்டிய முனையை எடுத்து அதன் தசைமேல் தொடவைத்தால் கால் துடிக்கிறது.

வோல்டா விடவில்லை. நரம்பும் தசையும் வேறு வேறு பொருள்கள்தானே, இரண்டு உலோகங்களைப் போல அவையும் ஒன்றையொன்று தொடும்போது மின்சாரம் உண்டாகலாமே என்று கேட்டார். நல்ல கேள்வி. எதிராளி சொன்னதற்கு இப்படிக் காரணம் காட்டிப் பதில் கொடுப்பதை ஆங்கிலத்தில் ரிபட் என்பார்கள். பதில் கொடுத்தாயிற்று என்பதுதான் அதன் பொருள். பதில் சரியா தவறா என்பது இன்னும் முடிவாகவில்லை.

1797-ல் கால்வானி இரண்டு தவளைக் கால்களை எடுத்தார். இரண்டின் நரம்புகளையும் பிரித்து, ஒரு நரம்பை மற்றதன்மேல் தொடவைத்தார். நரம்பும் நரம்பும் ஒரே பொருள். வேறு வேறு பொருள்கள் இல்லை, உலோகம் இல்லை. இரண்டு கால்களும் துடித்தன.

இதுதான் ரெஃப்யூட். கால் துடிக்க எப்போதும் இரண்டு வேறு பொருள்கள் வேண்டும் என்ற கருத்து இந்தச் சோதனையின் முன் நிற்க முடியாது. தவறு என்று காட்டியாயிற்று. யார் செய்தாலும் அதே விளைவு வரும்.

அப்படியானால் வோல்டா தோற்றுவிட்டாரா? அதுவும் இல்லை. உலோகங்களால் மின்சாரம் உண்டாகிறது என்ற தன் பாதிக் கருத்தைத் தவளையே இல்லாமல் நிரூபிக்க அவர் முயன்றுகொண்டே இருந்தார். ஒரு ஜோடி உலோகம் தரும் மின்சாரம் மிகச் சிறியது. பல ஜோடிகளை அடுக்கினால்? வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, உப்புநீரில் நனைத்த அட்டை. மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை. இப்படியே மேலே மேலே. அடியிலும் உச்சியிலும் கை வைத்தால் சுரீர் என்று அடித்தது. உராய்வு இயந்திரம் ஒரு பொறியோடு நின்றுவிடும். இந்த அடுக்கோ நிற்காமல் மின்சாரத்தைத் தந்துகொண்டே இருந்தது. 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு வோல்டா இதை விவரித்துக் கடிதம் எழுதினார். உலகின் முதல் பேட்டரி அதுதான். அதில் ஓர் அழகு பாருங்கள்: திருக்கை இனத்தில் மின்சாரம் பாய்ச்சும் மீன் ஒன்று உண்டு. அதன் உடலில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் மின்னுறுப்போடு தன் அடுக்கை ஒப்பிட்டு, இது செயற்கை மின்னுறுப்பு என்றே வோல்டா அந்தக் கடிதத்தில் குறிப்பிட்டார். விலங்கு மின்சாரத்தை எதிர்த்துப் புறப்பட்டவர் ஒரு விலங்கிடமே வந்து நின்றார்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அதே ஆண்டில் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் பேட்டரி மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார்கள். 1807-ல் ஹம்ஃப்ரி டேவி அதே வழியில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்தார். உங்கள் வேதியியல் புத்தகத்தின் பல பக்கங்கள் அந்த அடுக்கிலிருந்து வந்தவை.

கால்வானி அதைப் பார்க்கவில்லை. நெப்போலியன் வட இத்தாலியைப் பிடித்து அமைத்த புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் அவர் பேராசிரியர் வேலையை இழந்தார். 1798 டிசம்பரில் இறந்துபோனார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பது உலகத்துக்கு நன்றாகத் தெரிய இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. நரம்பில் ஓடும் மின்சாரத்தை 1840களில் அளந்தார்கள். அது எப்படி உண்டாகிறது என்பதைக் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் ஆராய்ந்து 1952-ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் விளக்கினார்கள். 1963-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆஸ்பத்திரியில் தாத்தாவுக்கு ஈ.சி.ஜி. எடுக்கும்போது காகிதத்தில் மேலும் கீழுமாகக் கோடு வருகிறதே, அது இதயத் தசையின் மின்சாரம். கால்வானி சொன்ன விலங்கு மின்சாரமேதான். வோல்டாவும் முழுக்கச் சரியில்லை. உலோகங்கள் தொட்டுக்கொண்டாலே போதும் என்று அவர் நினைத்தார். உண்மையில் துத்தநாகம் வேதிவினைப்பட்டுக் கரைவதால்தான் பேட்டரிக்கு ஆற்றல் கிடைக்கிறது. அதனால்தான் பேட்டரி தீர்ந்தும் போகிறது.

இந்தத் தகராறில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் ஒரு புதிய சோதனையால் பதில் சொன்னார். ஒருவரையொருவர் இழிவாகப் பேசிக்கொள்ளவில்லை. இந்தத் துறைக்கே கால்வானியின் பெயரால் கால்வானிசம் என்ற பெயரை எடுத்து வழங்கியவர் வோல்டாதான். இருவர் பெயரும் இன்று உங்கள் வீட்டில் இருக்கின்றன. கடிகார பேட்டரியில் 1.5 வோல்ட் என்று எழுதியிருப்பது வோல்டாவின் பெயர். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. கம்பி என்று இரும்புக் கடையில் கேட்கிறோமே, அந்த ஜி என்ற எழுத்து கால்வனைஸ்டு என்ற சொல்லின் முதலெழுத்து. துத்தநாகம் பூசிய இரும்பு என்று பொருள். அதற்குள் ஒளிந்திருப்பவர் கால்வானி.

தவளை வேண்டாம். வோல்டாவின் அடுக்கை எலுமிச்சம்பழத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பழத்திலும் துத்தநாகம் பூசிய ஓர் ஆணியும் ஒரு செம்புக் கம்பியும் குத்துங்கள். உள்ளே இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு பழத்தின் செம்பை அடுத்த பழத்தின் ஆணியோடு கம்பியால் இணையுங்கள். ஒரு பழம் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தரும். நான்கு பழம் சேர்ந்தால் சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரியும். எரியாவிட்டால் விளக்கின் இரண்டு கால்களையும் மாற்றி இணைத்துப் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்தப் பழங்களைச் சாப்பிடக்கூடாது, உலோகம் கரைந்திருக்கும். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கை எதற்காகவும் தொடக்கூடாது.

மீதி இருப்பது டினை. இதை ரெஃப்யூட்டோடு குழப்புகிறவர்கள் அதிகம். ஒரு தலைவர் குற்றச்சாட்டை மறுத்தார் என்று எழுதவேண்டிய இடத்தில் ஆங்கில நாளிதழ்களே ரெஃப்யூட் என்று எழுதிவிடும். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது "நான் அவுட் இல்லை" என்று எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அது டினை. கிரீஸுக்கு உள்ளே மட்டை ஊன்றிய தடத்தை மண்ணில் காட்டினால் அது ரெஃப்யூட். குரல் எவ்வளவு பெரியது என்பதும், சொல்கிறவர் எவ்வளவு பெரியவர் என்பதும் ஒன்றை மற்றொன்றாக மாற்றாது. இந்த வித்தியாசத்தைத் தன் வாழ்க்கையில் அனுபவித்தவர் ஒரு தமிழர்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். சர் சி.வி. ராமன் அவருக்குச் சித்தப்பா. 1930-ல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்தில் அவர் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கிச் சுருங்கும். ஓர் அளவுக்குமேல் சுருங்காமல் எலக்ட்ரான்களின் அழுத்தம் தாங்கிப் பிடிக்கும். அப்படி நின்றுபோன சிறிய விண்மீனை வெண்குறுமீன் என்கிறோம். சந்திரசேகர் அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது என்ன ஆகும் என்று ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்துக் கணக்கிட்டார். ஓர் எல்லைக்கு மேல் எடை இருந்தால் அந்த அழுத்தத்தால் தாங்க முடியாது என்று விடை வந்தது. அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்கிறோம்.

ஆர்க்யூமென்ட் என்ற சொல்லுக்குச் சண்டை என்ற பொருளோடு இன்னொரு பொருளும் உண்டு: காரணத்துக்குமேல் காரணம் அடுக்கி ஒரு முடிவுக்கு வருவது. அதற்கு எதிராளியே தேவையில்லை. கடல் நடுவில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த அந்த இளைஞர் செய்தது அதைத்தான்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் தன் முடிவைப் படித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளர். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதித்துப் புகழ்பெற்றவர். அதற்கு முந்தைய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கே அடிக்கடி வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்தவர். எதிர்ப்பதாக ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று மேடையில், இந்தக் கணக்குப்படி போனால் விண்மீன் சுருங்கிக்கொண்டே போய் ஒளியைக்கூட வெளியே விடாத நிலைக்கு வந்துவிடும், ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடக்காமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கவேண்டும் என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை.

எடிங்டன் சூத்திரத்தையே குறைசொன்னார். ஆனால் அதில் எந்த அடி பிழை என்று ஏற்கத்தக்கபடி காட்டவில்லை. அப்படித் தடுக்கும் விதி எது என்றும் சொல்லவில்லை. அந்த எல்லையைத் தாண்டிய ஒரு வெண்குறுமீனையும் காட்டவில்லை. அவர் செய்தது டினை, ரெஃப்யூட் இல்லை. சந்திரசேகர் பெரிய இயற்பியலாளர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கணக்கில் தவறில்லை என்று அவர்கள் தனியே சொன்னார்கள். பொதுவில் எடிங்டனை எதிர்த்துப் பேச அப்போது யாரும் முன்வரவில்லை. அது வருந்தத்தக்க விஷயம் என்றுதான் நான் சொல்வேன். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காகப் பலர் பல ஆண்டுகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சந்திரசேகர் அதைக் குவாரலாக்கவில்லை. 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் வேறு பல துறைகளில் உழைத்தார். எடிங்டனோடு நட்பை விடவில்லை. எடிங்டன் 1944-ல் மறைந்தபோது அவரைப் பெருமையாகவே பேசினார். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1999-ல் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரை வைத்தார்கள். எடிங்டன் அபத்தம் என்று சொன்ன, ஒளியைக்கூட வெளியே விடாத அந்தப் பொருளை இன்று கருந்துளை என்கிறோம்.

வெண்குறுமீன்களை வானியலாளர்கள் இன்றும் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்கிறார்கள். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஒன்று, அதுவரை தெரிந்தவற்றில் மிக அதிக எடை கொண்டது. நம் நிலாவைவிடச் சற்றே பெரிய உருவத்துக்குள் சூரியனைப்போல் சுமார் 1.35 மடங்கு எடை. 1.4-ஐ அது தாண்டவில்லை.